நல்லெண்ணெய் ஜாடியும் நானும்

என் பெண்டாட்டி பிச்சம்மாளை ஆயுசில் ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நான் சங்கரன்கோவில் ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். அவள் அஞ்சாங்கிளாஸ். முடியாதா என்ன?

ரேஷன் காலம். முந்திரிக்கொத்து சுடுவதற்கென்று ஒரு ஜாடி நல்லெண்ணெய் சேர்த்து வைத்திருந்தாள். என் இட்லிப் பொடிக்குச் சொட்டுதான் விழும். நானோ பொடியில் குளம் வெட்டி எண்ணெய் நிரப்புகிற பரம்பரை. முந்திரிக்கொத்து என்றாலும் எனக்கு உயிர். இரண்டும் வேண்டும்.

அவள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து எண்ணெயை எடுத்தேன். எடுத்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீரின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனையில் கூட்டல் மின்சாரம், மறுமுனையில் கழித்தல். அதனால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிச்சம்மாளும் பக்கத்து வீட்டு ஞானபூரணமும் மாதிரி. எண்ணெய்க்கு அந்த முனைகள் கிடையாது. யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கனமும் குறைச்சல். பாவம், என்னைப் போலத் தனியாக மேலே மிதக்கும். அகப்பையை விட்டால் எண்ணெய்தான் வரும். அடியில் கிடக்கும் தண்ணீர் யாருக்குத் தெரியப்போகிறது?

சனிக்கிழமை காலையில் பிச்சம்மாள் ஜாடியோடு வந்தாள்.

"இங்கன உக்காருங்க. தலைக்கு எண்ணெ வைக்கணும்."

ஜாடியைச் சாய்த்தாள். சில்லென்று இறங்கியது. சுத்தத் தண்ணீர். மேலே மிதந்ததெல்லாம் எங்கே போச்சு?

"என்ன முழிக்கிய? எண்ணெதான?"

தண்ணீர் என்று சொன்னால் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

"எண்ணெதாம்ட்டி. நல்ல எண்ணெ."

"அப்போ ஊறட்டும்."

வெயிலில் ஊறினேன். ஞானபூரணம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு எண்ணெ தண்ணி மாதிரி சொட்டுதே?"

"வெயிலுக்கு இளகிட்டும்மா."

பிச்சம்மாள் சீயக்காயைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கண் இரண்டும் எரிந்தது. குளித்து முடித்து உள்ளே வந்தபோது அடுப்படியிலிருந்து முந்திரிக்கொத்து வாசனை. மிதந்த எண்ணெயை முன்னாடியே அள்ளிச் சட்டியில் ஊற்றியிருக்கிறாள். ஞானபூரணம் உருண்டை பிடித்துக் கொடுக்க, இவள் சுட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டினேன்.

"எண்ணெ தேச்சுக் குளிச்ச அன்னைக்குப் பலகாரம் ஆகாதுல்லா. காய்ச்ச வந்திரும்."

"ஒண்ணே ஒண்ணு, பிச்சம்மா."

"ஏன், தேச்சது எண்ணெ இல்லியோ? சொல்லுங்க, தட்டு நெறைய தாரேன்."

ஞானபூரணம் வாயில் கொத்தோடு மெல்லாமல் காத்திருந்தாள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் வாத்தியார் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"எண்ணெதான்," என்றேன்.

"அப்போ மிளகு ரசம் குடிங்க. அடுத்த சனிக்கெழமைக்கும் ஜாடியில எண்ணெ மிச்சம் கெடக்கு."