நாற்பத்து மூன்று பண்ணைக்கு ஒரே பூச்சி

என் கோழிப்பண்ணையில் பூச்சி இல்லை. சேந்தமங்கலம் வட்டாரத்தில் இந்தக் குற்றத்தைச் செய்த முதல் ஆள், செங்கோட்டையனாகிய நான்தான்.

தென் அமெரிக்காவில் முத்தப்பூச்சி என்று ஒன்று உண்டாம். தூங்குகிறவர் முகத்தில் கடித்து ரத்தம் குடிக்குமாம். அதன் வயிற்றில் ஒட்டுண்ணி இருந்தால் சாகாஸ் என்ற நோய் வருமாம். ஆகவே மேலிடம் ஆழ்ந்து சிந்தித்து, பண்ணைதோறும் இந்த இனக் காட்டுப் பூச்சியைப் பிடித்துச் சோதித்து, தொற்று இல்லையென்று சான்று கிடைத்த பிறகே முட்டை லாரி நகரவேண்டும் என ஆணையிட்டது.

வாசலில் லாரி நிற்கிறது. உள்ளே ஒரு லட்சம் முட்டை. மேலே சித்திரை வெயில்.

பூச்சிக் கண்காணிப்பு அலுவலர் பிரபாகர் லேப்டாப்போடு வந்தார்.

"பூச்சியே இல்லீங்க சார். அப்பறம் நோய் எங்கீங்க இருக்கும்?"

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க. புடிச்ச பூச்சி சைபர், தொற்றுள்ள பூச்சி சைபர். சதவீதம் போட்டாக் கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது. ஒண்ணாச்சும் வேணுமுங்க."

"இல்லாத பூச்சிக்கு நான் எங்கீங்க போவேன்?"

"ஒத்துழைங்க. நாட்டு நலனுங்க."

பக்கத்துப் பண்ணை வள்ளியாத்தாள் அக்காவின் கல் குவியலில் அதன் உள்ளூர்ச் சொந்தம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெண் கேட்கப் போவதுபோல் வெற்றிலை பாக்கோடு போனேன்.

"கொண்டு போ சாமி. பொழுது சாயத் திருப்பிக் குடுத்துப்போடு. நாளைக்கு எனக்கு ஆய்வு இருக்குது."

பாட்டிலில் வந்த பூச்சியைப் பார்த்து அலுவலர் முகம் சுளித்தார்.

"பாட்டில்ல இருந்தா ஊட்டுப் பூச்சிங்க. படிவத்துல காட்டுப் பூச்சின்னு போட்டிருக்குது."

வேலிக்கு வெளியே விட்டோம். அது சுதாரிப்பதற்குள் பிடித்தோம். ஜிபிஎஸ் போட்டோ எடுத்தோம். எச்சத்தில் ஒரு சொட்டை அலுவலர் சோதித்தார். தொற்று இல்லை! லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. நான் அழுதே விட்டேன்.

இப்படி அந்த ஒரே பூச்சி என் பண்ணையோடு சேர்த்து நாற்பத்து மூன்று பண்ணைகளுக்கு விஜயம் செய்தது. போன இடமெல்லாம் கை நீட்டி ரத்தம் கொடுத்தோம். பிரபாகர் சாரும் ஒருமுறை கொடுத்தார், அலுவலக நேரத்தில். என் மருமகனுக்குக்கூட இப்படி உபசாரம் நடந்ததில்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. "தங்கள் வட்டாரத்தில் நாற்பத்து மூன்று பூச்சிகள் கண்டறியப்பட்டிருப்பது மிகுந்த கவலை அளிக்கிறது. அனைத்தையும் அழித்து உடல்களை ஒப்படைக்கும் வரை முட்டை வண்டிகள் நிறுத்திவைக்கப்படும்."

"சார், ஒண்ணுதானுங்களே இருக்குது!"

"மெதுவாப் பேசுங்க! நாற்பத்து மூணுக்கும் கையெழுத்துப் போட்டது நானு. பக்கத்துல நீங்கெல்லாம் போட்டிருக்கீங்க."

கொல்வதற்கு முதலில் வளர்க்க வேண்டுமே! கொல்லிமலை அடிவாரமெல்லாம் கல்லைப் புரட்டி, வள்ளியாத்தாள் அக்கா அதற்கு ஒரு ஜோடியைத் தேடிக் கொடுத்தார். கோழிகளை ஓரம் கட்டிவிட்டுக் கொட்டகையைப் பூச்சிக்கு ஒதுக்கினேன். முறை வைத்து ரத்தம் கொடுத்தோம். மாதக்கணக்காய் ஊரே ஆம்லெட் தின்கிறது.

நேற்று எண்ணினோம். நாற்பத்து நான்கு.

"ஒண்ண எச்சாக் கொன்னா என்னங்க சார்?"

"படிவத்துல அதுக்குக் கட்டமில்லீங்க. வேற ஊருக்கு மாத்திரலாம்."

மாற்றல் உத்தரவு தயாராகிறது. எந்த ஊர் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். உங்கள் ஊர்க் கம்ப்யூட்டருக்கும் சைபர் பிடிக்காது. சட்டைக் கையை மடித்து வையுங்கள்.