கொல்லிப்பாவைக்கு முதுகைக் காட்டியது

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இப்போது எழுபத்தாறு. அன்று தெரிந்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதி தப்பு என்று தெரிந்துவிட்டது. அந்தத் தப்புகளில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதப் பத்திரிகையில் இடம் இருக்காது.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். கல்லூரியில் எனக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. கிரேக்கர்களுடைய சாமிகளையும் வீரர்களையும் பற்றிய ஆங்கிலக் கதைகள். முப்பத்திரண்டு படங்கள். (முப்பத்து மூன்று என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தான். மூன்று தடவை எண்ணினேன், ஒன்று குறைச்சல்தான். இன்னும் மனசு ஆறவில்லை.) அதைப் படித்த பிறகுதான் எங்கள் ஆங்கிலப் பாடநூல் எனக்கு விளங்கியது. அதிலிருந்த நாற்பத்தொரு பாட்டுகளில் இருபத்தாறில் ஏதாவதொரு கிரேக்க தேவதை தலைகாட்டினாள். நிலாவைப் பாடினாலும் அவர்கள் சாமி, கடலைப் பாடினாலும் அவர்கள் சாமி. சேலத்தில் ஒரு துரை பங்களா வாசலில் செருப்பில் சிறகு முளைத்த கல் ஆள் ஒருவன் நின்றான். விசாரித்தால் அவனும் கிரேக்கன். கும்பிட ஆளில்லாமல் போன சாமிகள் ஊர் ஊராகப் பாட்டிலும் சிலையிலும் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் எனக்கு அவர்களே தெரிந்தார்கள். இது ஒரு வியாதி. அப்போது அதை அறிவு என்று நினைத்தேன்.

இந்த நிலையில்தான் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கு ஒற்றை வாத்தியாராகப் போனேன். பஸ் கிடையாது, நடைதான். மலையேறிய முதல் வாரமே கொல்லிப்பாவையைப் பற்றிச் சொன்னார்கள். காட்டுக்குள் கோயில் கொண்டிருப்பவள். கெட்ட எண்ணத்தோடு வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலேயே அவன் செத்துவிடுவான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பக்தியால் அல்ல. என் புத்தகத்தின் பதினேழாம் படத்தில் மெதுசா இருந்தாள். தலைமுடியெல்லாம் பாம்பு, அவள் முகத்தைப் பார்த்தவன் கல்லாகிவிடுவான். பெர்சியூஸ் என்ற வீரன் அவளை நேரே பார்க்காமல், பளபளக்கும் தன் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே போய், தூங்குகிறவளின் கழுத்தை வெட்டினான். எனக்கு ஒரே இரவில் உண்மை புலப்பட்டுவிட்டது. யவனர்கள் மிளகு வாங்க வந்தார்கள். கொல்லிமலையில் மிளகு விளைகிறது. மிளகை ஏற்றிக்கொண்டு மெதுசாவை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்! பதினெட்டுப் பக்கம் கட்டுரை எழுதினேன். சென்னைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் பாக்கி ஒன்றுதான்: சிலையின் தலையில் பாம்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

பார்க்கப் பயம். (படித்தவனுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். தனியாக அந்தக் காட்டுக்குள் போய்விட்டு வந்து கேளுங்கள்.) ஆகவே பெர்சியூஸின் வழியையே பின்பற்றத் தீர்மானித்தேன். கேடயம் இல்லை. முகம் மழிக்கிற கண்ணாடி இருந்தது.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல். இருபது பிள்ளைகளுக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடிவிடுவார்கள், எனக்கு வேலை போய்விடும். என்னிடம் இருந்தவர்கள் சரியாக இருபது. அதில் நாலு பேர் சாமைக்காடு வைத்திருந்த நல்லம்மாவின் பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. புகை வந்தது, சாம்பிராணி என்று நினைத்தேன். திரும்பி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கி, பின்பக்கமாக நடந்தேன். கண்ணாடியில் என் காதும் ஒரு பலாமரமும் தெரிந்தன. முப்பத்தேழு அடி எண்ணினேன். முப்பத்தெட்டாவது அடியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது பொங்கலில். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி, வாழையிலை மேல் வைத்திருந்த அகலமான மண்சட்டி. நான் போட்ட சத்தத்தில் சுனைக்குத் தண்ணீர் மொள்ளப் போயிருந்த ஐந்து பெண்களும் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் நல்லம்மா.

"ஐயோ சாமி! ஆத்தாளுக்கு வெச்ச பொங்கலுங்க வாத்தியாரே! எம்பட சின்னவ காய்ச்சல்ல பொழச்சதுக்கு நேந்துக்கிட்டதுங்க!"

"தெரியாமல்..." என்றேன். சாமைப் பொங்கல் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது.

"முன்னால கண்ணு வெச்சுத்தானுங்களே ஆண்டவன் படைச்சிருக்கான்? பொறத்தால எதுக்குங்க வந்தீங்க?"

பெர்சியூஸிலிருந்து மிளகுக் கப்பல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். இதைவிட மோசமான நேரத்தில் உலகத்தில் யாரும் கிரேக்கக் கதை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஆத்தாளுக்கு முதுகைக் காட்டற ஆளுகிட்ட எம்பட புள்ளைங்க படிக்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டாள் நல்லம்மா. இருபதில் நாலு போனால் பதினாறு. இந்தக் கழித்தலுக்கு நான் விரல் மடக்கவில்லை.

மறுநாள் அவள் காட்டுக்குப் போய் நின்றேன். (உட்கார முடியாது.) களை பறித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க கையாலயே பொங்க வெய்யுங்க. செவ்வாக்கெழம, ஆத்தா மூஞ்சியப் பாத்துக்கிட்டு. அப்பறம் அனுப்பறனுங்க."

"செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறாரே!"

"அவரு பொங்கல வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

செவ்வாய் விடியுமுன் அடுப்பு மூட்டினேன். விறகு ஈரம். பத்து மணிக்குள் முடித்துப் பள்ளிக்கு ஓடிவிடலாம் என்ற என் கணக்கு எட்டு மணிக்கே தப்பிவிட்டது. வாத்தியார் சமைப்பதைப் பார்க்க ஊரே வந்திருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும் அப்பிய சிறிய கல். கை எட்டு என்றார்கள். மாலைக்கு வெளியே ஆறுதான் எண்ண முடிந்தது. பாம்பு கிடையாது. சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் டோலியிலிருந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். பூட்டிய பள்ளியைப் பார்த்துவிட்டு, புகை வந்த திசையைப் பார்த்து வந்திருக்கிறார். கோட்டு, தலைப்பாகை, முகத்தில் ஒரு துளி கருணை கிடையாது.

"இங்கே வாத்தியார் யார்?"

கரியும் கண்ணீருமாக எழுந்து நின்றேன். அவர் கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். இருபது பெயர், இருபது "உள்ளேனுங்க". அப்போதும் என் உயிர் திரும்பவில்லை. இதெல்லாம் என்ன கூத்து என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நல்லம்மா பதில் சொன்னாள்.

"பாடமுங்க. பாம்புத்தலைச்சி கதைங்க. புள்ளைங்க ஊட்டுல வந்து தெனமும் சொல்லுதுங்க. ஆனா ஒண்ணுங்க, தூங்கற பொம்பள கழுத்த வெட்டறது என்னங்க வீரம்? எங்க ஆத்தாகிட்ட அந்தாளு வந்திருக்கோணும்!"

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொங்கல் கறை இன்னும் போகாத வேட்டியின் பின்புறத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார். "பெர்சியூஸுக்குப் பறக்கும் செருப்பு இருந்தது ஐயா" என்றார் ஆங்கிலத்தில். பிறகு பதிவேட்டில் எழுதினார்: 'பிள்ளைகள் இருபது. பள்ளி நீடிக்கலாம். ஆசிரியருக்குச் சமைக்க வராது.'

கட்டுரையை அன்றைக்கே மீதி விறகோடு சேர்த்து அடுப்பில் வைத்தேன். பதினெட்டுப் பக்கமும் நன்றாக எரிந்தது.

போன வருஷம் என் மாப்பிள்ளை மலைக்குப் போய் வந்தார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே கத்தினார்.

"மாமா! பெரிய கண்டுபிடிப்பு! சோளக்காட்டுச் சந்தையில ஒரு அம்மா சொன்னாங்க. கொல்லிப்பாவைக்கு ஒரு தங்கச்சியாம். முடியெல்லாம் பாம்பாம். மிளகுக் கப்பல்ல சீமைக்குப் போனவளைத் தூங்கறப்ப ஒருத்தன் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே வந்து வெட்டிட்டானாம். அக்காகிட்டயும் அதே மாதிரி ஒருத்தன் வந்தானாம், அவ அவனைக் கொதிக்கற பொங்கல்ல உக்கார வெச்சுட்டாளாம். மெதுசா கதை இங்கிருந்துதான் கிரேக்கத்துக்கே போயிருக்கு மாமா! அந்த ரெண்டாவது ஆள் எந்த நூற்றாண்டுன்னுதான் தெரியலை."

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "உங்க எதுத்தாப்ல உக்காந்திருக்காருங்க மாப்பிள்ள. அவரையே கேளுங்க."

கேட்டார். சொன்னேன். ஆனாலும் மாப்பிள்ளை இதைக் கட்டுரையாக எழுதாமல் விடவில்லை, அச்சாகிவிட்டது. அடிக்குறிப்புகள் பதினொன்று. ஏழாவது குறிப்பு, பொங்கலில் உட்கார்ந்தவனைப் பற்றியது: 'இந்நபர் பற்றிய செய்தி ஆய்வுக்குரியது.' அன்றிலிருந்து என் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. "ஏழாம் குறிப்பு சாப்பிட்டாச்சா?" என்றுதான் பேரப்பிள்ளைகள் வரை கேட்கிறார்கள்.