இல்லாத பத்திரங்களின் பட்டியல்

வலியசாலைப் பின்சந்து,
திருவனந்தபுரம்,
14-9-1967.

கர்த்தருக்குள் பிரியமும் மரியாதையும் உள்ள அத்தான் சத்தியதாஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லபாயின் கணவன் ஞானையன் எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கே நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். கொழும்பில் தாங்களும் மதினியும் மருமக்களும் கடையும் அவ்வண்ணமே இருக்க ஜெபிக்கிறோம். சுகம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செல்லபாயின் பிறப்புச் சான்றிதழ் கேட்டு நான் மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு, கொழும்பில் மழையே இல்லை என்று பதில் எழுதினீர்கள். இரண்டாவதற்கு, மழை தாங்க முடியவில்லை என்று எழுதினீர்கள். மூன்றாவதற்குக் கடிதமே இல்லை, ஆள் மூலமாக மாசிக்கருவாடு ஒரு பொட்டலம் வந்தது. சம்பலுக்கு நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் பொட்டலத்தைச் சுற்றியிருந்த பேப்பரைக்கூட நான் பிரித்து, நிமிர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் சான்றிதழ் இல்லை. ஆகவே இந்த நாலாவது கடிதத்தில், என்ன நடந்தது, எதற்காக இந்தப் பாடு என்று எதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். படித்த பிறகாவது உங்கள் மனது இளகட்டும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் அப்படித்தான். தம்பானூர் லாட்ஜில் பதினெட்டு வருஷமாக நான் மானேஜர் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போலீஸ் ஆபீஸில் அதற்கான ஃபாரம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை. பொன்முடியில் பட்டாம்பூச்சி பார்க்க வந்த ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர் சாயங்காலம் வந்து விடிவதற்குள் போய்விட்டார், அவருக்கும் ஃபாரம் கொடுத்தேன். அப்படிப்பட்ட நான் ஜூன் மாதத்தில் ஒருநாள் கொழும்பு வியாபாரி ஒருவரின் ஃபாரத்தைக் கொண்டுபோனேன். அந்த செக்‌ஷனில் வேலப்பன் என்று ஒரு கான்ஸ்டபிள் புதிதாக வந்திருந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், நல்ல மனுஷன், தமிழும் மலையாளமுமாகப் பேசுவார். கொழும்பு என்று ஃபாரத்தில் பார்த்ததும் அது எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். கொழும்பு நமக்கு வீடு மாதிரி, என் மைத்துனருக்கு வெள்ளவத்தையில் கடை, என் வீட்டுக்காரியே அங்கிருந்து வந்தவள்தான் என்று ஆரம்பித்தேன். உங்கள் கடையின் அகலத்தைக்கூடக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், எந்த வருஷம் வந்தார் என்று கேட்டார். கல்யாணத்துக்காக ஐம்பத்தொன்றில் என்றேன். எத்தனை மாதத்துக்கு விசா என்றார். மூன்று மாதம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. அவர் மேஜை டிராயரைத் திறந்து புதிதாக ஒரு ஃபாரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"சாரே, இதும் கூடி ஒண்ணு பூரிப்பிச்சுத் தரணும்."

இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஃபாரத்தைப் பதினாறு வருஷம் கழித்து என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செல்லபாய் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரு கேட்டாரா, நீங்களாச் சொன்னியளா?"

பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது என்றேன். அவள் மறுபடியும் கத்தியை எடுத்துக் கிழங்கை வெட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. இரண்டு மாதத்துக்குள் இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ராமேஸ்வரம் போய்க் கப்பலேற வேண்டும். அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலப்பன் சைக்கிளில் வந்து, வெளிநாட்டுப் பெண் வீட்டில்தான் இருக்கிறாளா என்று பார்த்து, அவள் கையால் சாயா வாங்கிக் குடித்துவிட்டு, இருக்கிறாள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். நோட்டீஸ் வந்ததிலிருந்து உங்கள் கடிதங்களை அவள் இரண்டு தடவை, மூன்று தடவை வாசிக்கிறாள். மழையைப் பற்றி வாசிக்க அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் இருக்கும் ஊருக்கே போய்விட்டால் நல்லது என்று அவளுக்கு மனசில் இருக்குமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தோடுதான் பத்திரங்களைத் தேடப் புறப்பட்டேன்.

முதலில் கல்யாணச் சான்றிதழ். குழித்துறைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சபை ரெஜிஸ்டரைத் திறக்கச் சொன்னேன். தேதி சரி, என் பெயர் சரி, மணமகள் பெயர் செல்லத்தாய் என்று இருந்தது. அன்றைக்கு எழுதிய உபதேசியார் பரலோகம் போய்விட்டார், கேட்க ஆளில்லை. உள்ளதை உள்ளபடிதான் நகல் தருவோம் என்று தந்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால் உங்கள் தங்கை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அந்தச் செல்லத்தாய் இத்தனை காலம் எங்கே இருந்தாள், அவளுக்கும் விசா முடிந்துவிட்டதா என்று கேட்டாள். நோட்டீஸ் வந்த பிறகு அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்பதால் நான் கோபப்படவில்லை.

அடுத்து, இந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம். எங்கள் வீட்டின் சொந்தக்காரி சீதாலக்ஷ்மி அம்மாள் முன்தெருவில் அக்ரகாரத்தில் இருக்கிறார். நான் போய்க் கேட்டதும், பதினாறு வருஷம் என்று எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு வீடே என்னுடையது என்று நான் கோர்ட்டுக்குப் போய்விடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். "நீர் நல்லவர்தான் ஓய். ஆனா காயிதம் நல்லதோ கெட்டதோ யாருக்குத் தெரியும்?" என்றார். நாலு நடை நடந்து, எங்கள் மூத்த மகளை அவருக்குப் பாட்டுப் பாடிக்காட்டச் சொல்லி அனுப்பி, ஒருவழியாகக் கடிதம் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால், மேற்படி ஞானையன் என் வீட்டில் தற்காலிகமாகக் குடியிருக்கிறார் என்று எழுதியிருந்தது. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு, தற்காலிகம் என்பதற்கு இப்படி ஒரு உறுதியான அத்தாட்சியை என்னைத் தவிர வேறு யாரும் இணைத்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும் அத்தான். பெரிய இடி பிறகுதான் விழுந்தது. கணவன் இந்தியர் என்பதற்கு ஆதாரம் என்று ஃபாரத்தில் ஒரு வரி. அது என்ன பெரிய காரியம், நான்தான் இருக்கிறேனே என்று நினைத்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டால், மாநிலம் பிரிந்து எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பழைய ரிக்கார்டெல்லாம் திருவனந்தபுரம் போய்விட்டது என்றார்கள். திருவனந்தபுரத்தில் கேட்டால், அதெல்லாம் நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். நாகர்கோவிலில் ஒரு கிளார்க் அன்பாக உட்காரவைத்து, வந்தது வாஸ்தவம், கறையானும் கூடவே வந்தது என்றார். பிறந்ததற்குப் பதிவு இல்லை. பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ரேஷன் கார்டில் என் பெயர் ஞானம்மை என்று இருக்கிறது, அதைத் திருத்தக் கொடுத்த மனு நாலு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை வேலப்பனிடம் இதைச் சொன்னேன். அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்காவது காலம் கழிஞ்ச பாஸ்போர்ட்டு ஒண்ணு உண்டு. ஏதோ ஒரு நாட்டுக்காரின்னு சொல்லலாம். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே சாரே."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆனால் விடியும்போது ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். பத்திரம் இல்லாவிட்டால் போகிறது, விண்ணப்பத்தைக் கொடுத்தே தீருவது. ஒவ்வொரு பத்திரமும் ஏன் இல்லை, யார் யாரிடம் கேட்டேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக எட்டுப் பக்கம் எழுதினேன். தலைப்பு, இல்லாத பத்திரங்களின் பட்டியலும் விளக்கமும். செல்லபாயையும் கூட்டிக்கொண்டு போய்க் கவுண்டரில் நீட்டினேன். அங்கிருந்த கிளார்க் இணைப்புகளை எண்ண ஆரம்பித்து, எட்டுப் பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டி, இதில் பத்திரம் எங்கே என்றார். பத்திரம் இல்லை, அது இல்லை என்பதற்கான விளக்கம்தான் இது என்றேன். விளக்கத்தை வாங்குவதற்கு ரூல் இல்லை என்று திருப்பித் தள்ளினார். வாங்கக்கூடாது என்று ரூல் இருந்தால் காட்டுங்கள் என்று நானும் திருப்பித் தள்ளினேன். பிறகு சுவரோரம் கிடந்த பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

மூன்று நாள் உட்கார்ந்தோம் அத்தான். லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தூக்குச்சட்டியில் சோற்றோடு போய் உட்காருவோம். சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது எழுந்து வருவோம். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவளும் நானும் மூன்று நாள் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது கிடையாது. இரண்டாம் நாள் கிளார்க்கே அவளிடம் புளிக்கறி எப்படி வைத்தது என்று விசாரித்தார். விண்ணப்பத்தை மட்டும் வாங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், இந்தப் பெஞ்சில் தினமும் யார் என்று ஆபீசர் கேட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர் என்ன, எங்கே பிறந்தது, எப்போது வந்தது என்று அவளைத்தான் கேட்டார், ஆனால் அவள் பதறிவிடக்கூடாதே என்று எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். கடைசியில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்து, திரும்பிப் போக உங்களுக்கு விருப்பம் உண்டா என்றார்.

இரண்டு மாதமாக நான் கேட்கப் பயந்த கேள்வி அது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாகத்தான் சொன்னாள்.

"எங்க போகதுக்கு சார்? எனக்க வீடு இங்கதான இருக்கு."

ஆபீசர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எட்டுப் பக்கத்தையும் பார்த்தார். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி, பிறப்புச் சான்றிதழை மட்டும் முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து நான் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அந்த முப்பதில் பதினாறு நாள் போய்விட்டது. மீதி பதினாலும் உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டதும் கடையை ஒருநாள் மூடிவிட்டு, உரிய ஆபீஸுக்குப் போய், செல்லபாய் பிறந்ததற்கு நகல் எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். ஆபீஸில் இல்லையென்றால் சபையில் கேளுங்கள், சபையில் இல்லையென்றால் பேறுகாலம் பார்த்தவர்களைக் கேளுங்கள். வராவிட்டால் நானே கப்பலேறி வந்து உங்கள் கடை வாசலில் பெஞ்சு போட்டு உட்காருவேன். பெஞ்சில் உட்காருவதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம் இருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு நான் இந்தியன் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்பது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் வருவேன்.

மதினிக்கு எங்கள் ஸ்தோத்திரத்தையும், மருமக்களுக்கு எங்கள் முத்தங்களையும் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் கடையைச் சம்பூரணமாக ஆசீர்வதித்து, உங்கள் கால்களைச் சான்றிதழ் தரும் ஆபீஸின் வழியில் நடத்துவாராக.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள,
ம. ஞானையன்.

பின்குறிப்பு: அண்ணனுக்கு, செல்லபாய் எழுதுகிறேன். ஒட்டித் தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு அவர் லாட்ஜுக்குப் போய்விட்டார். போன பிறகு பத்து மணிக்கு வேலப்பன் வந்தார். இன்றைக்குச் சனிக்கிழமை இல்லையே என்று பார்த்தால், ஆர்டர் கொண்டுவந்திருந்தார். நான் இங்கே நிரந்தரமாக இருந்துகொள்ளலாமாம், பிறப்புச் சான்றிதழ் இனி வேண்டாமாம். இவர் எழுதினதில் ஆபீசர் மூன்றாம் பக்கம் வரை படித்துவிட்டு, போதும் என்று கையெழுத்துப் போட்டதாக வேலப்பன் சொன்னார். நாலு நாளாக இருந்து எழுதின கடிதம், வீணாகப் போனால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் போட்டுவிடுகிறேன். ஆர்டரை அவர் வந்து சாப்பிட்ட பிறகு காட்டுவேன், முதலில் காட்டினால் சாப்பிடமாட்டார்.

அண்ணன் மழையைப் பற்றி எழுதினதெல்லாம் எனக்கு விளங்கியது. நீங்கள் எதை அனுப்புவீர்கள், பாவம்? அம்மா என்னைப் பெறுவதற்கு மார்த்தாண்டத்தில் தாய்வீட்டுக்கு வந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிறந்ததற்கு மிஷன் ஆஸ்பத்திரியில் தந்த சீட்டு என் பைபிள் உறைக்குள் இத்தனை வருஷமும் இருக்கிறது. அதைக் காட்டியிருந்தால், இந்தியாவில் பிறந்தவள் என்று இங்கே எல்லாம் ஒருநாளில் முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் அங்கே பிரஜா உரிமைக்காக, கூடப்பிறந்த நாம் நாலு பேரும் கொழும்பில் பிறந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். என் சீட்டு வெளியே வந்தால் உங்கள் காகிதம் நிற்காது. அதனால் காட்டவில்லை. இவரிடமும் சொன்னதில்லை, சொன்னால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு ஃபாரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். நீங்கள் கவலைப்படாமல் கடையைப் பாருங்கள்.

இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மேலே அவர் எழுதினதை மதினிக்கு வாசித்துக் காட்டுங்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.