நெய்வேலியில் வண்டி நிற்கிறது

நெய்வேலி,
9.2.2015

ஓசூரில் இருக்கும் மைத்துனர் அய்யனாருக்கு, உன் அக்காள் ருக்குமணியைக் கட்டிய மாமா சிங்காரவேல் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. அந்த எல்லாரிலும் உன் அக்காளைக் கழித்து, என் முழங்காலையும் கழித்துவிட்டால் நலமாக இருப்பது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதுவும் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. உன் மனைவி மக்கள் நலமா? போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் ருக்குமணியின் தலையணைப் பக்கத்திலேயே கிடக்கிறது. பேசினால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு அவள் உனக்குப் போன் போட்டு, ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன் என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "ஓசூர்லேருந்து வர்ற வண்டி உங்க ஊருல நிக்கறதில்லக்கா. நாலு பஸ்ஸு மாறிக்கினு எப்படி வர்றது?" சொல்லிவிட்டு நீ மறந்திருப்பாய். இவள் மறக்கவில்லை. மாவு மில்லில், காய்கறிக் கடையில், ரேஷன் வரிசையில் எல்லாம், என் தம்பி வரத்தான் துடிக்கிறான், பாவம், ரயில் நிற்கணுமே என்று சொல்லிக்கினே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் சுரங்கத்து ஷிப்டு பஸ் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பழகியவன் நான். ரயிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ரிட்டயராகி, குவார்ட்டர்ஸை ஒப்படைத்து, வாடகை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவன், வண்டி இங்கே நிற்கணும் என்று மனு எழுதக் கிளம்பிவிட்டேன். மெயின் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் கபார் பாய், நாகூர் போக வசதியாக இருக்கும் என்று கூடவே அலைந்தார். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு வண்டி எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. ஒருவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது; அப்பா பேரும் இருக்கட்டுமே என்று அவர் மகன் போட்டுவிட்டான்.

எப்படியோ ஆகஸ்டில் உத்தரவு வந்தது. சோதனையாக ஆறு மாதம் நிற்கும், டிக்கெட் விற்றால் நீட்டிப்பார்கள், விற்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அதே வாரம்தான் உன் அக்காளின் வயிற்றுக் கட்டியைப் பார்த்துவிட்டு டாக்டரும் ஆறு மாதம் என்றார். ரயில்வேக்காரர்களாவது டிக்கெட் விற்றால் நீட்டிப்போம் என்றார்கள், டாக்டர் அதுகூடச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "பயந்துக்கினு வர வேணாம். ஆசையா வரட்டும்" என்றாள். சத்தியத்தை இதோ மீறிவிட்டேன்.

வண்டி நின்ற முதல் நாள் மேளம் வைத்தோம். மூன்று பூமாலை. டிரைவருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, இறங்குகிற முதல் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது மாலை உன் அக்காள் கையால் கட்டியது. வண்டி நிற்கிற சேதியைத்தான் உனக்குப் போனில் சொல்லியாகிவிட்டதே, நீ சொல்லாமல் வந்து இறங்குவாய் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஒரே ஒரு ஆள் இறங்கினார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வாயில் லட்டைத் திணித்தோம். அவர் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லப் பார்த்தார், லட்டு விடவில்லை. தண்ணீர் பாட்டில் நிரப்ப இறங்கியவராம். அதற்குள் வண்டி போய்விட்டது. பெண்டாட்டி பிள்ளைகளோடு நாகூர் போய்க்கொண்டிருந்த அந்தத் தருமபுரிக்காரர், ஜுல்பிகர் என்று பெயர், சால்வையோடு என் வீட்டுக்கு வந்தார். உனக்கென்று ஆக்கி வைத்திருந்ததை உன் அக்காள் அவருக்குப் போட்டாள். சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் பெண்டாட்டி போனில் திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கடலூர் பஸ் ஏற்றிவிட்டோம். அவர் நாகூர் தர்காவில் ருக்குமணிக்காகத் துவா செய்து வேண்டிக்கொண்டாராம். இன்றைக்கும் வாரம் தவறாமல் போன் போட்டு, அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்கிறார். தண்ணீர் பிடிக்க இறங்கினவருக்கு இருக்கிற அக்கறை கூடப் பிறந்தவனுக்கு இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்க மனசில்லை.

டிக்கெட் விற்க வேண்டுமே. கபார் பாயும் நானும், என்னைப் போல வேலையற்ற ரிட்டயர்டு ஆட்கள் ஆறேழு பேரும் சேர்ந்து வாங்கினோம். நான் ஓசூருக்குத் தினம் ஒரு டிக்கெட் எடுத்து, ஏறாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பரிசோதகர் வந்து பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனைப் பிடிக்கலாம், டிக்கெட்டோடு ஏறாதவனைப் பிடிக்க வழியில்லையே என்று அவருக்கு ஒரே வருத்தம். இன்னொரு நாள் ரயில்வே போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவரே, வீட்டில் ஏதாவது சண்டையா, தண்டவாளத்துப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள் என்று புத்தி சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பினால் ருக்குமணி கேட்பது ஒன்றுதான், யாராவது இறங்கினாங்களா?

அவ்வளவு டிக்கெட் எடுத்தவன் ஒருநாள் ஏறி வந்திருக்கக் கூடாதா என்று கேட்பாய். எந்த முகத்தோடு வருவேன்? உன் அப்பா நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்தபோது குடும்பத்துக்கு ஒரு பெர்மனன்ட் வேலை கிடைத்தது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மருமகன் என்று என் பெயரை எழுதினார்கள். பையன் வளர்கிறவரை பொறுப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு வர வேண்டிய வேலைக்குத்தான் நான் முப்பது வருஷம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனேன். நீ ஓசூருக்குப் போனதும் ஒன்பது வருஷமாக வராததும் ரயிலால் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கோபம் என்மேல் இருக்கட்டும். நீ வருகிற அன்று நான் வீட்டில் இருக்கக் கூடாது என்றால் கபார் பாய் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

வண்டி இங்கே மதியம் ஒன்று பத்துக்கு வரும், இரண்டு நிமிடம் நிற்கும். மூன்றாவது பெட்டியில் ஏறு, அது சரியாக வேப்பமர நிழலில் வந்து நிற்கிறது. இனிமேல் நீ சாக்குச் சொல்ல வழியில்லை.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, வாசலுக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிற வேலையில் உட்காரட்டும். உன் மனைவிக்கும் எங்கள் இருவரின் ஆசியும் அன்பும்.

இப்படிக்கு,
மாமா சிங்காரவேல்

பி.கு.: தபாலில் சேர்க்கப் போனவன் அப்படியே ஸ்டேஷனுக்கும் போனேன். நாளையிலிருந்து வண்டி இங்கே நிற்காது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். டிக்கெட் போதவில்லையாம். ருக்குமணியிடம் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது கஞ்சியும் இறங்கவில்லை. அய்யனாரு, சாக்குச் சொல்ல வழியில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடு. முடிந்தால் நாலு பஸ் மாறி வா. முடியாவிட்டால் உன் கையெழுத்தில் ஒரு கார்டு மட்டும் போடு. "அக்கா, வண்டியில்தான் வந்தேன், நெய்வேலியில் நிற்கவில்லை" என்று எழுது. நான் படித்துக் காட்டுகிறேன், அவள் நம்புவாள்.