முகத்துவாரம் திறந்த ஃப்ளஷ் டேங்க்

பழவேற்காடு ஏரிக்கரையில் கக்கூஸுக்குள் போய்விட்டு, கோயிலுக்குப் போய்வந்த முகத்தோடு வெளியே வருகிற ஒரே மனிதர் எங்கள் தோணிரேவு கிராமத்து முகத்துவாரம்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் மீன் வராது என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இவர் அதையே உலகத்துக்கெல்லாம் பொதுவாக்கிவிட்டார். மோட்டார் இறைக்கவில்லையா, முகத்துவாரம் அடைப்பு. மூக்கு ஒழுகுகிறதா, அதுவும் அதே அடைப்பு. பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாதபோதும் அதையேதான் சொன்னார். காலையில் நண்டு வலை, மத்தியானத்துக்கு மேல் குழாய் வேலை.

அம்மாவுக்கு முட்டி தேய்ந்து கீழே உட்கார முடியாமல் போனபோது எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் வைத்துக் கொடுத்தவர் அவர். கொஞ்ச காலம் ஜோராக ஓடியது. பிறகு என்ன ஆயிற்றோ, பட்டனை அழுத்தினால் தண்ணீர் லேசாக எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். அம்மாவால் வாளி தூக்க முடியாது. நானோ நைனாவோ போய் ஊற்றவேண்டும். அது அவளுக்கு மானக்கேடாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற மாசத்தில் யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். உதடு வெடித்துச் சுருண்டு கிடந்தவளைப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. மீஞ்சூர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு முகத்துவாரத்தை இழுத்து வந்தேன்.

"இன்னாக்கா இது, இப்டி கெடக்குற?"

"குடிச்சாத்தானே தம்பி போவணும். குடிக்கலன்னா யாருக்கும் தொல்ல இல்ல."

 அவர் லுங்கியை மடித்துக் கட்டினார். "சாயங்காலத்துக்குள்ள தொறந்துடறேன்."

முதலில் ஒரு குடம் தண்ணீரைக் கோப்பையில் நேராகக் கொட்டினார். கடகடவென்று இறங்கிப் போனது. கீழே அடைப்பில்லை என்று எனக்கே புரிந்துவிட்டது.

"அப்போ டேங்கத் தொறந்து பாக்கலாமா மாமா?"

"டேங்க் நான் வச்சது. அதுல தப்பு வராது."

அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. காற்றுக் குழாய்தான் குற்றவாளி என்று கூரை ஏறினார். உள்ளேயிருந்து காக்கை கொண்டுபோட்ட வலைத்துண்டை இழுத்தெடுத்து, திருக்கை மீன் பிடித்தவர் மாதிரி தெருவுக்கே காட்டினார். ஃப்ளஷ் அப்படியேதான் இருந்தது. உடனே கடப்பாரையோடு கொல்லையில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் டங்கென்று சத்தம், பழைய செங்கல் வரிசை ஒன்று.

"டச்சுக்காரன் கக்கூஸுடோய்" என்று கூவினார்.

டச்சுக்காரன் கோட்டைக்கும் கல்லறைக்கும் பக்கத்தில் வாழ்கிற ஜனங்கள் நாங்கள். டச்சுக்காரனும் எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும்? பாதி ஊர் கொல்லையில் கூடிவிட்டது. ஏரியிலிருந்து திரும்பிய நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"வலை அலச நான் கட்டுன மேடைடா அது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் முகத்துவாரத்துக்கு முகம் செத்துவிட்டது. அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். நாக்கு வறண்டு குரலே எழும்பவில்லை.

"தம்பி, எனக்காக அந்த மூடிய ஒருவாட்டி தூக்கிப் பாரேன்."

அக்கா கேட்டுவிட்டாளே என்று தூக்கினார். உள்ளே பாதி டேங்க்தான் தண்ணீர். அதன்மேல் வெள்ளை வெளேரென்று வலை மிதப்பு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பொங்கல் சமயத்தில் டேங்க்கின் மிதவைப் பந்து உடைந்தபோது, கடைக்குப் போகச் சோம்பிக்கொண்டு, நைனாவின் வலையிலிருந்து அறுத்து அதைக் கட்டியவர் சாட்சாத் முகத்துவாரமேதான். வலையையே தூக்கிப் பிடிக்கிற மிதப்பு சும்மா இருக்குமா? பாதி நிறைவதற்குள் கம்பியைத் தூக்கி வால்வை மூடிவிட்டிருக்கிறது.

தன் கை முடிச்சு அவருக்கே தெரியாதா? ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒன் சரக்கு எப்டி கீது பாத்தியாண்ணே" என்றார் நைனாவிடம். "தண்ணில முழுவுவனாங்குது."

கம்பியை மேல்பக்கம் வளைத்தார். தண்ணீர் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, விளிம்புக்குக் கீழே வந்து நின்றது. டச்சுக்காரனைப் பார்க்க வந்த கூட்டம் இப்போது எங்கள் கக்கூஸ் வாசலில் நெருக்கியடித்தது. ஆளாளுக்குப் பட்டனை அழுத்திப் பார்க்க ஆசை. ஏரியில் யார் என்றைக்கு வலை போடுவது என்று பாடு பிரிக்கிற ஊர் ஆயிற்றே, அவர் கையை உயர்த்தினார்.

"மொத பாடு அக்காவுது. எல்லாரும் தள்ளி நில்லு."

அம்மா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஹோவென்று இரைந்தது பாருங்கள், மழைக்காலத்து ஏரி கடலுக்குள் பாய்கிற அதே சத்தம். கதவு திறந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"ஒரு சொம்பு தண்ணி குடும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்துவாரம் கூரையைப் பார்த்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நண்டு வலையோடு போகும்போதெல்லாம் தெருவிலிருந்தே சத்தம் போடுவார்: "அக்கா, தண்ணி குடிச்சியா? போனியா?" ஊருக்கே கேட்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்த கையோடு சொம்பை எடுத்துக் குடித்தும்விடுவாள். பெற்ற பிள்ளை நான்கூட அவளை அப்படி விசாரித்ததில்லை. அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.