பெரியப்பா மூக்குக்குப் பதில் வந்த பெட்டி

லிந்துலை
வெள்ளிக்கிழமை

அன்பான மகள் சுதர்ஷினிக்கு,

பெரியம்மா ராக்கம்மா எழுதுவது. இங்கே நானும் மூன்று கோழியும் சுகம். கம்பஸில் படிக்கிற நீயும் உன் மிசின்களும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ செய்து கொடுத்த பெட்டிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொரோனாவில் என் மூக்கு செத்ததிலிருந்து இந்த வீட்டுக்குப் பெரியப்பா மூக்குதான். ஃபெக்டரியில் இருபது வருசம் தேயிலை மணம் பார்த்த மூக்கு. கேஸ் கசிந்தாலும் சோறு அடிப்பிடித்தாலும் வாசலில் இருந்தே சத்தம் போடுவார். மாசியில் அவர் கண்ணை மூடியதும் அந்தச் சத்தமும் போச்சு. "வாசம் தெரியாத ஆள கேஸோட தனியா விட முடியாதும்மா, கொழும்புக்கு வந்துருங்க" என்று உன் அண்ணன் கஜேந்திரன் ஒரே பிடிவாதம். அப்போதுதான் கேஸ் கசிந்தால் கத்தும் உன் பெட்டி வந்தது. உள்ளே அரிசி நொய் அளவு ஒரு சாமான், கேஸ் பட்டால் அதில் ஒரு பக்கம் மட்டும் சூடாகும், அந்த வித்தியாசத்தில்தான் கரண்ட் வரும் என்று நீ சொன்னதை லயத்து வீடுகள் பூராவும் சொல்லிவிட்டேன். போன மாதம் கேத்தலில் தண்ணி பொங்கி நெருப்பு அணைந்துவிட்டது. நான் வெளியே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி கத்தியது. பெரியப்பாவுக்குச் சொல்லும் பழக்கத்தில், "வர்றேங்க, வர்றேங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

ஒரே ஒரு குறை, கோவிச்சுக்காதே. தீபாவளிக்கு முதல் நாள் பெரியப்பாவுக்குப் படையல் போட்டோம். அவர் மாரியம்மா மேல் சத்தியம் பண்ணிச் சாராயத்தை விட்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது, இருந்தாலும் வழக்கத்தை விடக்கூடாதென்று கஜேந்திரன் ஒரு கிளாஸ் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தான், வைத்ததும் பெட்டி கத்த ஆரம்பித்தது, அவன் கேஸ் கசியுது என்று சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, வந்த சனமெல்லாம் பின்னால் ஓட, கோழிக்கறிச் சட்டி கவிழ, பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி மட்டும் அசையாமல் நின்று, "அண்ணன் வந்துட்டாரு, இன்னுங்கொஞ்சம் ஊத்தச் சொல்றாரு" என்று கும்பிட்டாள். நான் பெட்டியை அடுப்புக்கிட்ட கொண்டுபோனேன், கொஞ்சத்தில் அடங்கியது. கிளாஸ்கிட்ட கொண்டுவந்தேன், மறுபடி கத்தியது. "கேஸுக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாத சாமான நம்பி எப்படிம்மா விட்டுட்டுப் போறது? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா போறோம், துணிமணிய எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டான்.

ஆகையால் மகளே, சாராயத்துக்குக் கத்தாத மாதிரி அதைச் சீக்கிரம் திருத்திக் கொடு. குடியை விட்ட மனுசன் வீட்டில் அதற்கு அந்தப் புத்தி எதுக்கு. அவர் இருந்த இடத்திலேயே எனக்கும் இருக்க வேண்டும்.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராது. பனிக்குத் தலையை மூடிக்கொள்ளச் சொன்னேன் என்று உன் அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
பெரியம்மா ராக்கம்மா

பி.கு: திருத்த வேண்டாம். இதை எழுதிவிட்டுத் துணி எடுக்க அலுமாரியைத் திறந்தேன், மேசையில் இருந்த பெட்டி கத்தியது. பெரியப்பாவின் சுவெட்டருக்கு அடியில் அரைப்போத்தல் சாராயம், மூடி இறுகவில்லை. நான் மோந்து மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரியாதென்றுதானே அங்கே வைத்திருக்கிறார். கஜேந்திரன் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான், கண்ணையும் துடைத்துக்கொண்டான். "அப்பாவையே புடிச்சிருச்சு, இனி ஒங்களுக்கு என்னம்மா பயம், இங்கயே இருங்க" என்றான். போத்தலை அவர் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மூடியை மட்டும் இறுக்கினேன்.