அடுப்போரத்துக்கு நடந்த குச்சிப்போர்

“ரெண்டு கூடையிலயும் கோழியும் வாத்தும் கலந்து கெடக்கு. கூடையைத் தொறக்காம ஒரு வாத்து என்ன எடைன்னு சொல்லிருவியாடி நீ?” என்று மூத்த ஓரகத்தி ஹுவோ சியாவ் ஒரு பனிக்கால நண்பகலில் டோ யிங்கைக் கேட்டாள்.

வாழ்க டோ யிங்! தானியம் அளப்போர் குலத்தின் இளைய மருமகள், உறைபனி உண்ட பாதத்தினள், மூன்று குளிர்காலம் சுவரோரம் சுருண்டு கிடந்தும் முனகாத பொறையுடையாள், அன்று வாய் திறந்தாள்.

“சொல்லிட்டா அடுப்போரம் எனக்கு. சரியாக்கா?”

கணவன்மார் கால்வாய் வேலைக்குப் போய்விடும் பனிமாதங்களில் ஓரகத்திகள் இருவரும் பகிர்ந்துகொண்ட, அடியில் அடுப்புப்புகை ஓடும் அந்த மண்படுக்கையில் அடுப்போரமே அரியணை. பதினோராண்டாக அதில் வீற்றிருந்த சியாவ், “நீயா? வா, பாப்போம்!” என்று முரசறைந்தாள்.

தராசு ஏற்கெனவே உரைத்திருந்தது: முதற்கூடையின் மூன்று கோழியும் ஒரு வாத்தும் பதினான்கு ஜின் எடை, மற்றதன் இரண்டு கோழியும் மூன்று வாத்தும் இருபத்தொரு ஜின். கணக்குப்பலகைகள் களமாயின. உள்ளதற்குச் செங்குச்சி, இல்லாததற்குக் கருங்குச்சி என இரு பைகளிலிருந்தும் மூங்கிற்படை புறப்பட்டது.

யிங் இரண்டாம் அணியை மும்மடங்காகப் பெருக்கினாள்: ஆறு கோழி, ஒன்பது வாத்து, அறுபத்துமூன்று ஜின். அதன்மேல் முதலணியை ஏவினாள். மூன்று கோழிகள் மாண்டன. மீண்டும் ஏவினாள், எஞ்சிய மூன்றும் மாண்டு, கோழிப்பாசறை வெறும் பலகையாயிற்று. புழுதி அடங்கியபோது ஏழு வாத்துகள் மட்டும் முப்பத்தைந்து ஜின்னைச் சுமந்து தனித்து நின்றன.

“வாத்து அஞ்சு ஜின். கோழி மூணு.”

சியாவ், மதங்கொண்ட யானை பின்புறமாக நடந்தாற்போல, முதலணியை இருமடங்காக்கி, அந்தச் சிறுபடையிலிருந்து மும்மடங்கான பெரும்படையைக் கழிக்கத் துணிந்தாள். ஏழு வாத்துக்கும் கருங்குச்சி அடுக்கினாள். முப்பத்தைந்துக்கும் கருமையே வேண்டியிருக்க, அவசரக்கை செங்குச்சிப் பையில் நுழைந்துவிட்டது.

“எனக்கும் அஞ்சுதான்டி!”

“வாத்து கறுப்பு, எடை சிவப்பு. ஒவ்வொண்ணும் இல்லாத அஞ்சு ஜின், அக்கா. உங்க வாத்து தராசையும் தூக்கிக்கிட்டுல்ல பறக்குது!”

ஏழு கருவாத்துகளையும் எதிர்நின்ற செம்படையையும், பதினோராண்டு ஆட்சி கண்முன் சரிவதைக் காணும் மன்னனின் விழிகளோடு, சியாவ் நெடுநேரம் நோக்கினாள்.

பிறகு அடுப்போரத்திலிருந்த தன் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.